கல்லூரி கூடைப்பந்து அணி தோற்கும்போது நாம் தப்பாக எடைபோடும் இடங்கள்

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். சாயங்காலம் கல்லூரி கோர்ட்டில் மாட்ச் நடந்தால் சுவரோரம் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்ப்போம். மூன்று வருஷமாக அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. "ஒருத்தனும் தேறலையே, கோச் என்னதான் சொல்லித் தராரு?" என்பதுதான் எல்லார் வாயிலும். நானும் அப்படித்தான் பேசினேன். அணி தோற்பது உண்மை. ஆனால் பையன்கள் தேறவில்லை என்று முடிவு கட்டுவதில் நாம் நிறையத் தவறு செய்கிறோம்.

போன வருஷ அணியையும் இந்த வருஷ அணியையும் ஒப்பிடுவது பெரிய தவறு. இளங்கலை மூன்று வருஷப் படிப்பு. ஆடிப் பழகி, ஒருவர் கை ஒருவருக்குப் புரிந்த நேரத்தில் மூன்றாம் ஆண்டுப் பையன்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த இடத்துக்குப் பள்ளியிலிருந்து வந்த பையன் வருகிறான். வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே பையனை, அவன் முதலாம் ஆண்டில் எப்படி ஆடினான், இப்போது எப்படி ஆடுகிறான் என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், பாயின்ட்டை மட்டும் எண்ணுவது. ஆட்டம் 10 நிமிஷம் வீதம் நான்கு கால் பகுதி, மொத்தம் 40 நிமிஷம். 30 நிமிஷம் ஆடி 9 பாயின்ட் எடுத்தவனைக் கொண்டாடுகிறோம். 8 நிமிஷம் இறங்கி 4 பாயின்ட் எடுத்தவன் நம் கண்ணில் படுவதில்லை. 40 நிமிஷக் கணக்குக்குக் கொண்டுவந்தால் முதல் பையனுக்கு 12, இரண்டாமவனுக்கு 20. இரண்டாமவன்தான் உசத்தி என்று இதை வைத்துச் சொல்லிவிடவும் கூடாது. எதிரணி களைத்துப்போன நேரத்தில் அவன் இறங்கியிருக்கலாம். எத்தனை நிமிஷம், யாருக்கு எதிராக என்று கேட்காமல் பாயின்ட்டைச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரே மாட்சை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் அப்படியே. ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணி ஃபவுல் பண்ணினால் கோட்டில் நின்று எறியக் கிடைக்கும் வாய்ப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். கூடை மாட்டியிருக்கும் போர்டிலிருந்து 4.6 மீட்டர், எதிரே தடுக்க ஆள் கிடையாது. பயிற்சி பலித்ததா என்று பார்க்க இதைவிடச் சுத்தமான இடம் இல்லை. ஆனாலும், சராசரியாகப் பத்துக்கு ஏழு போடும் பையன் ஒரு மாட்சில் பத்து எறிந்தால், ஐந்தோ அதற்குக் கீழோ விழ ஏறத்தாழ 15 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ விழவும் ஏறத்தாழ அதே 15 சதவீதம்தான். அதே பையன், அதே கை. ஒரு நாள் "இவன் எதுக்கு டீம்ல?" என்கிறோம், இன்னொரு நாள் தோளில் தூக்குகிறோம். ஏழெட்டு மாட்சாவது சேர்த்துப் பாருங்கள்.

நம் ஊர் மழையை யாருமே கணக்கில் வைப்பதில்லை. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். டெல்டாவில் பல கல்லூரிகளில் கோர்ட் திறந்தவெளிச் சிமென்ட் தரைதான். முதலாம் ஆண்டுப் பையன் சேர்ந்து, வகுப்பு புரிந்து, கிரவுண்டுக்கு வரவே ஆகஸ்ட் ஆகிவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் வரை தரை காய்வதே பெரிய பாடு. பாசி பிடித்த சிமென்ட்டில் ஓடித் திரும்பினால் கணுக்கால் போய்விடும். நனைந்த பந்து கையில் நிற்காது. நடுவில் செமஸ்டர் தேர்வு வேறு. ஜனவரியில் அவனைப் பார்த்து "ஆறு மாசமா ஒண்ணும் கத்துக்கலை" என்கிறோம். அவனுக்கு உருப்படியாகக் கிடைத்தது இரண்டு மாசம் இருக்குமா? உள்ளரங்கில் வருஷம் முழுக்க ஆடும் நகரத்துக் கல்லூரிப் பையனோடு அவனை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

உயரமான பையன் விஷயத்தில் கோச்சுகளுக்கும் பங்கு உண்டு. ஆறடி தாண்டியவன் வந்ததும் கூடைக்கு அடியில் நிறுத்திவிடுகிறார்கள். நாமும் வெளியிலிருந்து "ரிபவுண்ட் எடு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடி), உடனே பாஸ் போடு" என்று கத்துகிறோம். மூன்று வருஷம் கழித்தும் அவனுக்கு டிரிபிள் பண்ண, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட, தெரிவதில்லை. பயிற்சியில் அவன் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, தவறவிட்டால் திட்டாமல் இருங்கள்.

எங்கள் அணியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். போன வருஷம் இடது பக்கம் வழி திறந்திருந்தாலும் வலது கைக்கு மாற்றித்தான் லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய் எம்பிப் போடுவது) போடுவான், அதற்குள் ஆள் வந்து தடுத்துவிடுவார்கள். போன வாரம் இடது பக்கமாகவே போய், இடது கையாலேயே எறிந்தான். பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்துவிட்டது, மாட்சும் தோற்றோம். சுவரோரம் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் கை தட்டினேன். பந்து வெளியே வந்ததும் அவன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். "திரும்பப் போடு" என்று கோச் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.