ஆற்று நீரை ஆராயும் சட்ட மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துவிட்டுச் சட்டப் படிப்பில் சேரும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போன பாலாறு மாதிரி ஒரு ஆற்றுக்காக வாதாட இந்த இரண்டு அறிவும் வேண்டும். ஆனால் பலர் ஆய்வு மொத்தத்தையும் முடித்துவிட்டு, அப்புறம்தான் சட்டத்தைப் புரட்டுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

தோல் தொழிற்சாலையின் கழிவுநீரை ஒரு பாட்டிலில் பிடித்து, ஆய்வக அறிக்கை வாங்கிவிட்டால் குற்றத்தை நிரூபித்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படியுங்கள். மாதிரி எடுக்கும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அதன் அதிகாரம் பெற்ற அலுவலருக்கும்தான். அவர்களே எடுத்தாலும் தொழிற்சாலைப் பொறுப்பாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் இரண்டு பங்காகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த நடைமுறை தவறினால் அந்த அறிக்கை சாட்சியமாக ஏற்கப்படாது.

அதற்காக உங்கள் பாட்டில் வீண் இல்லை. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நம்பும்படியான தரவைக் கண்டால் கூட்டுக் குழு அமைத்து நேரில் பார்த்துவரச் சொல்வது அங்கே வழக்கம். உங்கள் தரவின் வேலை அந்தக் குழுவை வாய்க்கால் கரைக்கு வரவழைப்பது. ஆகவே எடுத்த இடம், நேரம், பாட்டில் எண், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஐஸ் பெட்டியில் எவ்வளவு நேரம் இருந்தது, எல்லாவற்றையும் அங்கேயே நின்று பேனாவால் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதிய குறிப்பைக் குறுக்கு விசாரணையில் எளிதாக உடைத்துவிடுவார்கள்.

அடுத்தது, அளவுகோலை மாற்றிப் பிடிப்பது. தோல் பதனிடும் கழிவில் வரும் குரோமியம் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆற்றில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்போ 2 மில்லிகிராம். நாற்பது மடங்கு வித்தியாசம்! தொழிற்சாலையின் கழிவுநீர்க் குழாயில் பிடித்த நீரைக் குடிநீர் வரம்போடு ஒப்பிட்டு எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு அட்டவணையைக் காட்டியே உங்கள் மொத்த ஆய்வையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார். குடிக்கும் கிணற்று நீருக்கு ஒரு அளவுகோல், தொழிற்சாலைக் கழிவுநீருக்கு வேறு அளவுகோல்.

தீர்ப்பைக் கொள்கைக்காக மட்டும் படிப்பதும் ஒரு தவறுதான். தோல் தொழிற்சாலை மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பிலிருந்து, கேடு வருமுன்பே தடுக்கச் சொல்லும் 'முன்னெச்சரிக்கைக் கொள்கை', 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மாணவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். அதன் தொடக்கப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணக்கெடுத்திருந்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதை ஒரு தொண்டு நிறுவனம் பதிவு செய்திருந்தது. யாரோ கிணறு கிணறாக நடந்து சேர்த்த கணக்கு அது. அந்தக் கணக்கு இருந்ததால்தான் கொள்கைக்கு அங்கே வேலை இருந்தது. தீர்ப்போடு நிறுத்திவிடவும் வேண்டாம்: அதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் எது நிறைவேறவில்லை, ஏன் என்று தேடினால் நல்ல ஆய்வுத் தலைப்பு அங்கேயே கிடைக்கும்.

கடைசியாக, காலக்கெடு. சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கக் கேட்கும் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், வழக்குத் தொடர வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அவ்வளவுதான். இழப்பீடு கேட்கும் 15-ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு. ஆய்வேடு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் முதல் வழி அடைபட்டுப்போகும். முதல் மாதிரி எடுக்கப் போகும் முன்பே ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், கிணற்று நீர் எப்போது நிறம் மாறியது என்று. அந்தத் தேதி உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.