ஜாவாவில் குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டுவது எப்படி?

10 விநாடிக்கு ஒருமுறை ஒரு வேலை ஓட வேண்டும். பக்கத்து வேலை இழுத்தாலும் இது நிற்கக் கூடாது. இதற்குப் பழைய டைமர் வகுப்பைத் தொடவே வேண்டாம். அதில் இருப்பது ஒரே த்ரெட், அதாவது வேலையை ஓட்டும் ஒரே இழை. ஒரு வேலை எக்ஸெப்ஷனில் (ஓடும்போது எழும் பிழையில்) விழுந்தால் மொத்த டைமரும் போச்சு. ஜாவா 5-இலேயே வந்துவிட்ட, பல த்ரெட்களில் வேலைகளை நேரப்படி ஓட்டும் ஸ்கெட்யூல்டு த்ரெட் பூல் எக்ஸிகியூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதை உருவாக்கும்போது கொடுக்கும் எண்தான் த்ரெட்களின் எண்ணிக்கை. 4 என்றால் ஐந்தாவது வேலை வரிசையில் நிற்கும். மேக்ஸிமம் பூல் சைஸை ஏற்றினாலும் மாறாது. வரிசை நிரம்பினால்தான் கூடுதல் த்ரெட் வரும்; இங்கே வரிசைக்கு எல்லையே இல்லை என்பதால் அந்த அமைப்புக்கு வேலையில்லை.

அடுத்து, ஃபிக்ஸ்ட் ரேட்டா, ஃபிக்ஸ்ட் டிலேயா? ரேட் என்றால் ஒரு தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம் வரை 10 விநாடி. டிலே என்றால் வேலை முடிந்தபின் 10 விநாடி. ரேட்டில் ஓடும் வேலை ஒருமுறை 35 விநாடி இழுத்துவிட்டது என்று வையுங்கள். அதே வேலை இன்னொரு த்ரெட்டில் கூடவே ஓடாது. ஆனால் 10, 20, 30-ஆவது விநாடிகளில் தவறிய மூன்றும் 35-ஆவது விநாடியிலிருந்து மூச்சுவிடாமல் அடுத்தடுத்து ஓடும். ஏற்கெனவே திணறும் சர்வருக்கு இது இன்னொரு அடி. வெளியே நெட்வொர்க்கைத் தொடும் வேலை எதுவானாலும் டிலேதான் சரி.

இனி, பலரையும் மாட்டிவிடும் இடம். திரும்பத் திரும்ப ஓடும் வேலை ஒருமுறை எக்ஸெப்ஷனை வெளியே விட்டால், அதன்பின் அது ஓடவே ஓடாது. லாகில் ஒரு வரிகூட வராது. அந்த எக்ஸெப்ஷன், வேலையைப் பதியும்போது திரும்பக் கிடைக்கும் ஃபியூச்சர் என்ற பொருளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதன் கெட் மெத்தடை அழைத்தால்தான் தெரியும், இப்படிப்பட்ட வேலைக்கு அதை யாரும் அழைப்பதில்லை. ஆகவே ரன் மெத்தடுக்குள் இருப்பதை முழுக்க ட்ரை-கேட்சில் அடையுங்கள். எக்ஸெப்ஷன், எர்ரர் இரண்டுக்கும் தாய் வகுப்பான த்ரோவபிளையே பிடித்து லாகில் எழுதுங்கள். எக்ஸெப்ஷனை மட்டும் பிடித்தால் எர்ரர் வகை நழுவிப்போய் அதே கதிதான்.

பின்சேர்க்கை: தினமும் இரவு 2 மணிக்கு ஓட வேண்டுமென்றால் 24 மணி நேர ரேட் கொடுக்காதீர்கள். கோடைக்கு கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அது 1 மணிக்கோ 3 மணிக்கோ போய்விடும். நேர மண்டலத்தோடு தேதி, நேரத்தை வைத்திருக்கும் ஸோன்டு டேட் டைம் வகுப்பில் அடுத்த 2 மணியைக் கணக்கிட்டு, ஒருமுறை மட்டும் ஓடும்படி பதியுங்கள். ஓடி முடிந்ததும் அடுத்ததைப் பதியுங்கள், அதுவும் பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலி பகுதியில்.

இப்படிச் செய்தால், எக்ஸிகியூட்டரை நிறுத்தும் ஷட்டவுன் மெத்தடில் ஒரு சிக்கல் வரும். திரும்ப ஓடும் வேலைகளை ஷட்டவுன் ரத்து செய்துவிடும். காத்திருக்கும் ஒருமுறை வேலையையோ அதன் நேரம் வரும்வரை வைத்திருக்கும். அடுத்த 2 மணிவரை புரோகிராம் தொங்கும். செட் எக்ஸிகியூட் எக்ஸிஸ்டிங் டிலேடு டாஸ்க்ஸ் ஆஃப்டர் ஷட்டவுன் பாலிஸி என்ற நீளமான மெத்தடுக்கு ஃபால்ஸ் கொடுத்துவிட்டு ஷட்டவுன் செய்யுங்கள்.