ஏரியமா ஓரியமா? வாலைப் பாத்தே இங்கிலீஷ் வார்த்தைய பிரிக்கறது எப்படி

போட்டித் தேர்வுக்குப் படிக்கற நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பசங்க அக்வேரியம், ஆடிட்டோரியம், ஹெர்பேரியம் (காய வெச்ச செடிகளைச் சேத்து வெக்கற இடம்)னு தனித்தனியா மனப்பாடம் பண்றாங்க, தேவையே இல்லைங்க. ஏரியம் (-arium), ஓரியம் (-orium) ரெண்டும் லத்தீன்ல இருந்து வந்த வால், அதாவது வார்த்தையோட கடைசில ஒட்டற விகுதி, ரெண்டுமே பெரும்பாலும் இடத்தைத்தான் சொல்லும். வாலை வெட்டிட்டு முன்னாடி நிக்கறது பொருளா செயலான்னு மட்டும் பாருங்க.

பொருள்னா ஏரியம். அக்வான்னா தண்ணி, அக்வேரியம் பழைய லத்தீன்ல மாடு தண்ணி குடிக்கற இடம்தான், 1854-ல பிலிப் ஹென்றி காஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர் தன்னோட புத்தகத்துக்கே அந்தப் பேரை வெச்சதுல இருந்துதான் மீன் தொட்டிக்கு அது நல்லா ஒட்டிக்கிச்சு. ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டம் இருக்குதில்ல, அதை ரோஸேரியம்னு சொல்லலாம், சர்ச்சுல உருட்டற ஜெபமாலைக்கு ரோஸரின்னு பேரு வந்ததும் அதே வார்த்தைல இருந்துதான்!

செயல்னா ஓரியம். ஆடீரேன்னா கேக்கறது, அதான் ஆடிட்டோரியம். சானாரேன்னா குணமாக்கறது, தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பேரு அங்க இருக்கற காசநோய் ஆஸ்பத்திரியால வந்தது.

அடுத்தது, இங்கிலீஷ்ல நிறைய இடத்துல கடைசி 'அம்' போயி 'இ' ஆயிடும். கிரேனேரியம் தேஞ்சு கிரேனரி, கேழ்வரகு கொட்டி வெக்கற குதிர் மாதிரி. தேனீப்பெட்டி வெச்சிருக்கற இடம் ஏபியரி, தூங்கற இடம் டார்மிட்டரி. எழுதறப்போ கடைசி 'ரி'க்கு முன்னாடி ஏ (-ary) போடறதா ஓ (-ory) போடறதான்னு குழம்பினா இதே பொருள்-செயல் கணக்குதான், ஆனா டிஸ்பென்சரி மட்டும் மருந்து பகிர்ந்து குடுக்கற செயல்ல இருந்து வந்தும் ஏ-லயே நிக்குது, அதை மனப்பாடம் பண்ணிடுங்க, வேற வழி இல்ல.

ஏமாத்தற வார்த்தைங்களும் இருக்குது. ஹானரேரியம் இடமே இல்ல, மதிப்பூதியம். எம்போரியம், ஸ்டேடியம் ரெண்டும் கிரேக்கத்துல இருந்து லத்தீன் வழியா வந்தது, வாலை வெட்டினா ஒண்ணும் தேறாது. யுரேனியம், சோடியம்ல வர்ற 'இயம்' தனிமத்துக்குப் பேரு வெக்கற வேற வால், அதை இதோட சேக்காதீங்க.

பன்மைக்கு அக்வேரியான்னும் எழுதலாம், அக்வேரியம்ஸ்னும் எழுதலாம், ரெண்டும் சரிதான். அக்வேரியாஸ்னு மட்டும் எழுதிடாதீங்க, அது பன்மைக்கு மேல பன்மை.