மீன் தொட்டியில் உயிருள்ள செடிகள்: எவற்றில் தொடங்கலாம்?

வீட்டு மீன் தொட்டியில் முதன்முறையாகச் செடி வைக்க விரும்புவோர், மிகுந்த வெளிச்சமும் கரியமில வாயுவும் தேவைப்படும் சிவப்பு இலைச் செடிகளைத் தவிர்த்துவிட்டு, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றில் தொடங்குவதே நல்லது. இவற்றின் தடித்த கிடைத்தண்டை மணலுக்குள் புதைத்தால் அது அழுகிவிடும். ஆகவே கல்லிலோ மரத்துண்டிலோ வைத்துப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். நாளடைவில் வேர்கள் தாமாகவே பற்றிக்கொள்ளும்.

இலங்கையின் நீரோடைகளில் இயல்பாக வளரும் கிரிப்டோகோரைன் வென்டியும் குறைந்த வெளிச்சத்திலேயே தழைக்கும். இதை மணலில் ஊன்ற வேண்டும்; வேருக்கருகில் உர வில்லை ஒன்றைப் புதைப்பது நலம். புதிய தண்ணீருக்கு மாறியதும் இதன் இலைகள் நிறம் வெளுத்து, நைந்து, கரைந்துபோவதுண்டு. செடி செத்துவிட்டதென்று பலர் பிடுங்கி எறிந்துவிடுவது வருத்தத்துக்குரியது. நைந்த இலைகளை மட்டும் நறுக்கியெடுத்து, வேரை அசைக்காமல் விட்டுவைத்தால் சில வாரங்களில் புதுத் தளிர் வரும்.

விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் எரிந்தால் பாசிதான் செழிக்கும். வாங்கிவந்த செடியைத் தொட்டியில் இடுமுன், வேரைச் சுற்றியுள்ள பஞ்சை அகற்றி, இலையின் அடிப்புறத்தில் கூழ்போல் ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகளை விரலால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.