புளியங்கொட்டை வண்டை பாட்டிலில் வளர்த்துப் பார்ப்பது எப்படி?

பயறு வண்டைப் பற்றிப் படிக்க எவ்வளவோ இருக்கிறது. புளியங்கொட்டையைத் துளைக்கும் வண்டை நம் ஊரில் உட்கார்ந்து கவனித்தவர்கள் குறைவு. 1790இல் ஒலிவியே என்ற பிரெஞ்சுக்காரர் பெயர் வைத்த இந்த கேரிடான் செர்ராட்டஸ், மேற்கு ஆப்பிரிக்காவில் வேர்க்கடலைச் சேமிப்பையே அழிப்பதால் அங்கே ஆராய்ச்சி நடந்தது. சாலையோரப் புளியமரத்தில் அது எப்படிப் பிழைக்கிறது என்பதை நாம்தான் பார்த்து எழுத வேண்டும்.

மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போது ஓடு உடையாத பழங்களாகப் பொறுக்குங்கள். உலுக்கி விழுந்தது ஒரு பை, முன்பே தரையில் கிடந்தது இன்னொரு பை. கலந்துவிட்டால், வண்டு மரத்திலேயே முட்டையிட்டதா, கீழே விழுந்த பிறகா என்று சொல்லவே முடியாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓட்டின் மேல் ஒட்டிய வெளிறிய முட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்.

பழங்களை அகல வாய் பாட்டிலில் போட்டு, பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டுங்கள். மூடி போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். பிறகு இரண்டு மாதமாவது பொறுமை வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் கூடு கட்டுவதுதான். பயறு வண்டின் புழு பயறுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடும். இதன் புழுவோ பல சமயம் கொட்டையைத் துளைத்து வெளியே வந்து, ஓட்டின் மேலோ உள்ளேயோ காகிதம் போன்ற மெல்லிய வெள்ளைக் கூட்டைப் பின்னும். கூடு எங்கே இருக்கிறது என்று தவறாமல் குறியுங்கள்.

வெளிவரும் வண்டு செம்பழுப்பு, மேலே கரும்புள்ளிகள். பின்னங்காலைப் பாருங்கள்: தொடை தடித்து, அடிப்பக்கம் சீப்புப் பல்லாக முட்கள். சின்னக் குளவிகள் வந்தாலும் எறியாதீர்கள், அவை வண்டுக்கு எதிரிகளாக இருக்கலாம்.

சில வண்டுகளை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். மரம், ஊர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளேயே இடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

மந்தாரை, கொன்றைக் காய்களுக்குத் தனித்தனி பாட்டில் வையுங்கள். அவற்றிலிருந்து இதே சாயலில் வண்டு வந்தாலும் ஒரே இனம் என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பூச்சியியலாளரிடம் கொடுத்து உறுதிசெய்யுங்கள்.