பிடிக்காத வாக்கிங் எத்தனை நாளைக்கு?

டாக்டர் "கொஞ்சம் உடம்பை அசைங்க" என்று சொன்னால் நம் காதில் விழுவது "வாக்கிங் போங்க" என்பதுதான். மறுநாளே ஐந்து மணிக்கு அலாரம், புது ஷூ, மைதானத்தில் பத்து ரவுண்டு. பதினைந்தாம் நாள் மழை, பதினாறாம் நாள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதோடு சரி. இப்படி மூன்று முறை ஆரம்பித்து விட்டவன் நான். தனியாக ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது எனக்கு ஆகாது என்பது மூன்றாவது முறைதான் உறைத்தது.

உடற்பயிற்சி என்றால் வாக்கிங் மட்டும்தான் என்று முடிவு கட்டுவதே முதல் தவறு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. அதை நடந்துதான் தீர்க்க வேண்டும் என்று இல்லை. சைக்கிள், நீச்சல், தோட்ட வேலை, ஆட்டம் எல்லாமே கணக்கில் வரும்.

என் அக்காவுக்கு 54 வயது. பொள்ளாச்சிப் பக்கம் கிராமம். வாக்கிங் என்றாலே மூட்டு வலிக்கிறது என்பார். கொங்கு ஊர்களில் இப்போது பரவலாக நடக்கும் வள்ளி கும்மிப் பயிற்சி அவர் ஊரிலும் தொடங்கியபோது, வேடிக்கை பார்க்கத்தான் போனார். ஆசிரியர் பாட்டை எடுக்க, கோயில் முன்னால் வட்டமாக நின்று குனிந்து, நிமிர்ந்து, கைதட்டி, ஒரு மணி நேரம். முதல் நாள் அக்கா செய்த தவறு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஈடாகக் குதித்தது. கும்மி மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகம் பிடிக்கும். மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படியிறங்க முடியவில்லை. அப்புறம் வேகம் ஏறும் இடங்களில் குதிக்காமல் தட்டு மட்டும் போட ஆரம்பித்தார். ஆசிரியரும் ஒன்றும் சொல்லவில்லை.

எவ்வளவு வேகம் சரி என்பதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாடத்தான் முடியாமல் போக வேண்டும். பேச்சே வரவில்லை என்றால் குறையுங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தவிப்பவர்களும் நிறைய. அந்த எண் பிறந்தது எந்த ஆய்வுக்கூடத்திலும் அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர், 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்பதுபோலப் பொருள்படும். வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது. 7,500 அடிக்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை. வாட்சில் எண் குறைகிறதே என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

'8' வடிவத்தில் சுற்றிச் சுற்றி நடக்கும் எட்டு போடும் நடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பூங்காக்களில் இதற்காகக் கூழாங்கல் பதித்த பாதையில் சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தில் உணர்வு மரத்துப்போயிருக்கலாம். கல் குத்தியதே தெரியாது. கொப்புளம் புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். எட்டு போடுங்கள், ஆனால் செருப்போடு, சமதரையில். வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பலாமா என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரமும் அப்படித்தான். விடிகாலையில் நடந்தால்தான் பலன் என்று யார் சொன்னது? ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலும் சாப்பாட்டால் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். நான் இப்போது சைக்கிளுக்கு மாறிவிட்டேன். கியர் இல்லாத பழைய வண்டி. சாயங்காலம் காய்கறி வாங்கப் போய் வர அரை மணி ஆகிறது. வழியில் வடைக்கடை ஒன்று இருப்பது மட்டும்தான் சிக்கல்.

அக்காவிடம் போன வாரம் போனில், "உடற்பயிற்சி எல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் எங்கடா நேரம்? கும்மிக்குப் போகோணும், வெய்யி" என்றார்.