கட்டிலை விற்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

வார்னிஷ் அடித்தால் எந்த மரமும் தேக்குபோலத் தெரியும். அடிப்பலகையையும் இழுப்பறையின் பின்புறத்தையும் பார்த்தால்தான் ஈட்டி மரமா (ரோஸ்வுட்), பலாவா, அயனியா (ஆஞ்சிலி), வெறும் பிளைவுட்டா என்பது விளங்கும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய வீட்டுச் சாமான்களில் பலாவும் அயனியும் சாதாரணம்.

பலகையின் நீளம், அகலம், கனம் (தடிமன்) மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, 1728-ஆல் வகுத்தால் கன அடி வரும். 60 அங்குல நீளம், 30 அகலம், 1 கனமுள்ள மேசைப் பலகை ஏறக்குறைய 1.04 கன அடி. மரக்கடையில் அந்த மரம் கன அடி இன்று என்ன விலை என்று கேட்டுவைத்தால், ‘பழைய சாமான்தானே’ என்று வியாபாரி இழுக்கும்போது அவர் வாயை அடைக்கலாம்.

பூச்சி அரித்த துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தால் விலை இறங்கும். கடைசல் கால் (கடைந்து உருட்டிய கால்), பித்தளைப் பூண் இருந்தால் மரக்கணக்கோடு நிறுத்தாமல், வாங்கும் எண்ணமில்லாத ஓர் ஆசாரியிடம் காட்டுங்கள். புதிதாகப் பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். வாங்க வருபவர்கள் எதையோ மறைப்பதாகவே நினைப்பார்கள்.